துப்பாக்கி வைத்த பெயர்கள்

அந்தமான் காட்டில் திரியும் ஒரு சின்ன நீலக் குருவியின் அறிவியல் பெயரில், கைதிகள் குடியேற்றத்தை நடத்திய ராணுவ அதிகாரி ஒருவர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறார். குருவி, கரும்பிடரி ஈப்பிடிப்பான். அதிகாரி, கர்னல் ராபர்ட் கிறிஸ்டோபர் டைட்லர். 1862 முதல் 1864 வரை போர்ட் பிளேரின் கண்காணிப்பாளராக இருந்தவர். ராபர்ட் செசில் பீவன் என்ற இளம் அதிகாரி 1867-இல் லண்டனின் ‘ஐபிஸ்’ இதழில் அந்தமான் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதினார். இந்தத் தீவின் ஈப்பிடிப்பான் இந்திய நிலப்பரப்பில் இருப்பதைப் போல இல்லை என்று கண்டு ‘டைட்லெரி’ என்று பெயர் சூட்டியவர் அவர்தான்.

டைட்லரின் கதை பறவைகளோடு தொடங்கவில்லை. 1857-இல் அவர் டெல்லியில் இருந்தார். சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது குடும்பத்தோடு தப்பி ஓடினார். முற்றுகை நடந்துகொண்டிருக்கையில் அவருடைய மனைவி ஹாரியட் டெல்லி மேட்டில் ஒரு வண்டியில் பிள்ளை பெற்றார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் கணவனும் மனைவியும் கேமராவோடு அந்த இடங்களையெல்லாம் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். அதே கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை நாடு கடத்தி வைக்கத்தான் 1858-இல் போர்ட் பிளேர் குடியேற்றம் உருவானது. நான்கு ஆண்டுகளில் அதற்குத் தலைமை ஏற்க டைட்லரே வந்து சேர்ந்தார். துறைமுகத்துக்கு எதிரே எழும் குன்றுக்கு ஹாரியட்டின் பெயர் வந்தது, குருவிக்குக் கணவரின் பெயர் வந்தது. மவுண்ட் ஹாரியட்டை 2021-இல் அரசு மவுண்ட் மணிப்பூர் என்று மாற்றிவிட்டது. குருவியின் பெயரில் யாரும் கைவைக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்களுக்கு இந்தக் குருவி புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு. சிட்டுக்குருவியைவிடச் சற்றே நீளம், உடலோ மெலிந்தது. ஆண் நல்ல நீலம். பிடரியில் ஒரு கறுப்புத் திட்டு, தொண்டைக்குக் கீழே மையால் இழுத்தது போல் ஒரு மெல்லிய கோடு. பெண்ணுக்குத் தலையில் மட்டும் நீலச் சாயல், முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, கறுப்புக் குறிகள் கிடையாது. இந்திய நிலப்பரப்பின் ஆணுக்கு வயிறு வெளுத்திருக்கும். அந்தமானில் அது நீலம் கலந்த சாம்பலாக இருக்கும். கார் நிக்கோபாரில் மறுபடி வெளிறிப் போகும். தெற்கு நிக்கோபாரில் கறுப்புக் குறிகளே மங்கிவிடும். இலங்கைக்குப் போனால் பிடரித் திட்டும் இல்லை, கழுத்துக் கோடும் இல்லை. கார் நிக்கோபார் வடிவத்துக்கு ஒரு பெயர், தெற்கு நிக்கோபார் வடிவத்துக்கு ஒரு பெயர் எனப் பட்டியல்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீண்டன.

இந்த வேறுபாடுகள் அத்தனையும் பறவை கையில் இருந்தால்தான் தெரியும். அந்தமானின் மழைக்காட்டில் குர்ஜன் மரம் கிளையே இல்லாமல் நெடுந்தூரம் ஏறி, உச்சியில்தான் குடை விரிக்கும். படாக் மரமும் அதற்குச் சளைத்ததல்ல. கீழே நிற்பவர் அண்ணாந்து பார்த்தால் இலைகளுக்கு நடுவே வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் நீலமும் கறுப்புதான், பழுப்பும் கறுப்புதான். குருவியோ ஒரு கிளையில் நிலைகொள்வதில்லை. வாலை விசிறிபோல் விரித்து, பறக்கும் பூச்சியைக் கவ்வி, வேறு கிளைக்குத் தாவிவிடும். போதாக்குறைக்கு, கரிச்சான்களும் மற்ற குருவிகளும் சேர்ந்த இரை தேடும் கூட்டத்தோடு கலந்து வரும். வயிற்றின் நிறத்தை உறுதி செய்ய அன்றைக்கு இருந்த ஒரே வழி, அதைக் கீழே விழ வைப்பது.

அதற்கென்று ஒரு தொழில் முறை இருந்தது. பெரிய ரவை குருவியைச் சிதைத்துவிடும் என்பதால் மணல் போன்ற பொடி ரவையைப் போட்டுச் சுடுவார்கள். விழுந்த பறவையின் அலகையும் காயத்தையும் பஞ்சால் அடைத்து, ரத்தம் இறகில் படாமல் பார்த்துக்கொள்வார்கள். நெஞ்சு எலும்பின் அடியிலிருந்து கீறி, உடலைத் தனியே உருவி எடுப்பார்கள். மண்டை ஓடும் சிறகெலும்பும் காலும் தோலோடு தங்கும். உள்பக்கம் பாஷாணம் கலந்த சோப்பைப் பூசி, பஞ்சு திணித்து, கால்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். ஆணா பெண்ணா என்பதை வயிற்றைத் திறந்து உள்ளுறுப்பைப் பார்த்தே முடிவு செய்வார்கள். கண்ணின் நிறம் சில மணி நேரத்தில் மங்கிவிடும். ஆகவே அதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியாகக் காலில் ஒரு சீட்டு: இடம், தேதி, பால், சுட்டவர் பெயர். ஈரப்பதம் மிகுந்த தீவில் அன்றன்று சுட்டதை அன்றன்றே உரிக்காவிட்டால் மறுநாள் நாறிப்போகும். பகலில் காடு, இரவில் விளக்கடியில் கத்தி என்று வேலை ஓடியது.

தோல் தீவில் உரிக்கப்பட்டாலும் பெயர் வேறெங்கோ பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த இடம் கல்கத்தா. அங்கே ஏசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தின் காப்பாளராக 1841 முதல் 1862 வரை இருந்த எட்வர்ட் பிளைத், கப்பல்களும் பாதிரிமார்களும் அதிகாரிகளும் கொண்டுவந்து கொடுத்த தோல்களைப் பிரித்துப் பார்த்துப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தார். கரையில் கால்வைப்பது அந்தக் காலத்தில் எளிதல்ல. பொஹீமியாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் யோஹான் வில்ஹெல்ம் ஹெல்ஃபர் 1840-இல் அந்தமானில் இறங்கினார். தீவுவாசிகள் அவரைக் கொன்றுவிட்டார்கள். கைதிகள் குடியேற்றம் வந்த பிறகுதான் பறவை சேர்ப்பவர்களுக்கு நிம்மதியாகத் தங்க ஓர் இடம் கிடைத்தது. அதனால்தான் அந்தமான் பறவைகளின் பெயர்ப்பட்டியலைப் படித்தால் காலனி நிர்வாகத்தின் பணியாளர் பதிவேட்டைப் புரட்டுவது போலிருக்கும். பாம்புண்ணிக் கழுகு ஒன்று வைஸ்ராய் எல்ஜின் பிரபுவின் பெயரைச் சுமக்கிறது.

இந்தத் தொழிலை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர் என்று பாடப்புத்தகத்தில் வரும் அதே ஹியூம். மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1871-இல் உருவான வருவாய், வேளாண்மை, வணிகத் துறைக்கு அவர்தான் செயலாளர். 1872 பிப்ரவரி 8 அன்று மாலை, மவுண்ட் ஹாரியட்டில் ஏறிச் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு இறங்கிய மேயோவை, அடிவாரத்தில் ஹோப் டவுன் படகுத் துறையில் ஷேர் அலி என்ற கைதி குத்திக் கொன்றார். ஓர் ஆண்டு கழித்து, 1873 மார்ச்சில், ஹியூம் அதே தீவுகளுக்குக் கப்பலேறினார். கூடவே புவியியல் துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இந்திய அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் வுட்-மேசன்.

சும்மா பார்த்துவிட்டு வரும் பயணமல்ல அது. தன் சேகரிப்பின் காப்பாளரான வில்லியம் ரக்ஸ்டன் டேவிசனை ஹியூம் முன்கூட்டியே அனுப்பியிருந்தார். தீவுகளில் சுட்டு உரிக்கும் வேலையில் பெரும்பங்கு அவருடையது. டேவிசன் பிற்பாடு நீலகிரி, வயநாட்டுப் பறவைகளைப் பற்றியும் எழுதினார். பின்னர் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் காப்பாளராகி 1893-இல் அங்கேயே இறந்தார். ஹியூம் தானே நடத்திய ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழின் இரண்டாம் தொகுதியில், 1874-இல், வங்காள விரிகுடாத் தீவுகளின் பறவைகளைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். நார்கொண்டம் என்ற ஒற்றை எரிமலைத் தீவில் மட்டும் வாழும் இருவாச்சிக்கும், அந்தமான் காட்டுப் புறாவுக்கும் அறிவியல் பெயர் வந்தது அவரால்தான். ஸ்டோலிச்கா அந்த 1874-ஆம் ஆண்டே லடாக்கில், யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், இறந்துபோனார்.

ஹியூமின் கனவு இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிய ஒரே பெரும் நூல். 25 ஆண்டுக் குறிப்புகள் சிம்லா வீட்டில் கட்டுக் கட்டாக இருந்தன. அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, வேலைக்காரர் ஒருவர் அந்தத் தாள்களைப் பழைய காகிதமாக எடைக்கு விற்றுவிட்டார். ஹியூமுக்குப் பறவை மேலிருந்த மோகமே விட்டுப்போயிற்று. சுமார் 82,000 தோல்களையும் முட்டைகளையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுத்தார். ரிச்சர்ட் பௌட்லர் ஷார்ப் லண்டனிலிருந்து 1885-இல் சிம்லாவுக்கே வந்து பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு போனார். அந்த ஆண்டு டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸின் முதல் கூட்டம் நடந்தது. அந்தமான் பறவைகளை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர் இனி லண்டனுக்குத்தான் போகவேண்டும் என்றானது.

பறவைகளை அடையாளம் காண லண்டனுக்குப் போகத் தேவையில்லாதவர்கள் அந்தக் காட்டிலேயே இருந்தார்கள். 1906-08-இல் அந்தமானில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன், 1922-இல் வெளியான தன் நூலில் பெரிய அந்தமானியரின் கதைகளைப் பதிவு செய்திருக்கிறார். அவற்றில் பறவைகள் எல்லாம் ஒரு காலத்தில் மூதாதைகள். நெருப்பைக் கொண்டுவந்தது மீன்கொத்தி. எந்தக் குரல் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அவர்களுக்குப் பிழைப்புச் செய்தி. மொழியியலாளர் அன்விதா அப்பியும் பறவையியலாளர் சதீஷ் பாண்டேயும் சேர்ந்து, எஞ்சியிருந்த பெரிய அந்தமானியரிடம் கேட்டுத் திரட்டிய பறவைப் பெயர்களையும் வகைபிரிப்பையும் 2011-இல் நூலாக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி இறந்துவிட்டார். தன் மொழியில் பேச ஆளில்லாத கடைசி ஆண்டுகளில் அவர் பறவைகளோடு பேசிக்கொண்டிருப்பார். ஹியூமின் கப்பல் வந்தபோது அந்த மொழிகள் பலரின் வாயில் இருந்தன. அவற்றின் பறவைப் பெயர்கள் தனி நூலாவதற்கு 2011 வரை ஆனது.

நிக்கோபாரின் கதை சற்றுத் தாமதமாகத் தொடங்குகிறது. தமிழருக்கு அந்தப் பெயர் பழையது. முதலாம் இராசேந்திரன் வென்ற இடங்களின் வரிசையில் மாநக்கவாரத்தையும் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. ஐரோப்பியக் கப்பல்களில் டென்மார்க்கின் ‘கலத்தியா’ 1846-இலும், ஆஸ்திரியாவின் ‘நோவாரா’ 1858-இலும் வந்துபோயின. கிரேட் நிக்கோபாரில் ஓடும் ஆறும் அது கடலில் கலக்கும் விரிகுடாவும் இன்றும் கலத்தியா என்றே அழைக்கப்படுகின்றன. தீவின் பறவைகளுக்கு முக்கியமான வருகை 1901-இல் நடந்தது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பணக்கார மருத்துவர் வில்லியம் லூயி அபட், ‘டெர்ரபின்’ என்ற தன் பாய்மரக் கப்பலில், சார்ல்ஸ் போடன் கிளாஸ் என்ற இளைஞருடன் தீவு தீவாகச் சுற்றினார். கிளாஸ் 1903-இல் அந்தப் பயணத்தை நூலாக எழுதினார். அபட் சேர்த்தவை வாஷிங்டனுக்குப் போயின. அங்கே சார்ல்ஸ் வாலஸ் ரிச்மண்ட் பெட்டிகளைத் திறந்தார்.

பெட்டியில் ஒரு பழுப்புக் குருவி இருந்தது. முதுகு பழுப்பு, தொண்டை வெளுப்பு, நெஞ்சில் மங்கலான பழுப்புப் பட்டை. நீலமும் இல்லை, கோடும் இல்லை. கண்ணைக் கவர எதுவுமே இல்லாத பறவை. ரிச்மண்ட் அதற்கு நிக்கோபாரின் பெயரையே சூட்டினார். கூடவே வந்த சிறு பாம்புண்ணிக் கழுகுக்குக் கிளாஸின் பெயர் கிடைத்தது.

பழுப்புக் குருவிக்குக் கிடைத்த மரியாதை நிலைக்கவில்லை. தென்கிழக்குச் சீனத்தில் கூடுகட்டி, குளிர்காலத்தில் மலாய்த் தீபகற்பத்துக்கு வலசை போகும் ஒரு பழுப்புநெஞ்சு ஈப்பிடிப்பான் உண்டு. இரண்டு தோல்களையும் அடுத்தடுத்து வைத்தால் வேறுபாடு சொற்பம். ஆகவே 20-ஆம் நூற்றாண்டின் பட்டியல்கள் நிக்கோபார் பறவையைச் சீனப் பறவையின் துணையினமாகக் கீழே இறக்கின. கடல் தாண்டாமல் ஆண்டு முழுவதும் ஒரே தீவுக் காட்டில் வாழும் பறவை, நெடுந்தூரம் வலசை போகும் ஒன்றின் கிளையாகப் பல பத்தாண்டுகள் இழுப்பறையில் கிடந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு தீவுகளின் பறவைகளை முழுமூச்சாக எடுத்துக்கொண்டவர் பம்பாயின் ஹுமாயூன் அப்துல் அலி. வணிகக் குடும்பத்தில் வந்தவர், நல்ல குறிகாரர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தூண்களில் ஒருவர். 1960-களிலும் 70-களிலும் திரும்பத் திரும்பத் தீவுகளுக்குப் போனார். கழக இதழில் 1964-இல் அவர் எழுதிய அந்தமான் நிக்கோபார் பறவைப் பட்டியல் இன்னும் அடிப்படை ஆவணம். 1966-இல் அவர் கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் விரிகுடாவுக்குப் போனபோது, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களிலிருந்து முன்னாள் ராணுவத்தினரை அங்கே குடியமர்த்தும் திட்டம்கூடத் தொடங்கவில்லை. அந்தப் பயணத்தில் ஒரு சிறு ஆந்தையைச் சேர்த்தார். 1977-இல் இன்னொன்று கிடைத்தது. இரண்டும் பம்பாய் இழுப்பறையில் படுத்திருந்தன. 1998-இல் அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசன் அவற்றை எடுத்துப் பார்த்து, இது உலகில் வேறெங்கும் இல்லாத புதிய இனம் என்று அறிவித்தார். இன்று நிக்கோபார் சிற்றாந்தை என்று சொல்லப்படுவது அதுதான்.

துப்பாக்கிக் காலத்தின் விசித்திரம் இதில் முழுதாகத் தெரிகிறது. சுட்டவர் 1966-இல் சுட்டார், அடையாளம் 32 ஆண்டு கழித்து வந்தது.

அதற்குள் தொழிலே மாறிவிட்டிருந்தது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ட இடத்தில் சுடும் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பைனாகுலரும் டேப் ரெக்கார்டரும் ரவையின் இடத்துக்கு வந்தன. ராஸ்முசனும் ஓவியர் ஜான் ஆண்டர்டனும் 2005-இல் கொண்டுவந்த தெற்காசியப் பறவைக் கையேடு, இறகுக்கு இணையாகக் குரலையும் சான்றாக வைத்தது. பக்கத்துக்குப் பக்கம் குரல் வரைபடங்கள். உச்சிக்கிளைக் குருவிக்கு இது பெரிய திருப்பம். வெளிச்சத்தில் நிறம் மறைந்தாலும் குரல் மறையாது. கரும்பிடரி ஈப்பிடிப்பானின் கரகரப்பான ‘ச்வீச்’ ஒலியைக் காதில் வாங்கிய பிறகு, அந்தமானின் சிடியா டாப்புவிலோ பழைய மவுண்ட் ஹாரியட்டிலோ இலைக்கு மேலே இருப்பது எது என்று சொல்ல வயிற்றைப் பார்க்க வேண்டியதில்லை.

குரலுக்கு அடுத்து மரபணு வந்தது. அது பழைய வகைபிரிப்பைக் கலைத்துப் போட்டது. கரும்பிடரி ஈப்பிடிப்பான் உண்மையில் ஈப்பிடிப்பான் குடும்பமே அல்ல. கரிச்சானுக்கும் காக்கைக்கும்தான் அது நெருங்கிய உறவு. பறந்து பூச்சி பிடிக்கும் ஒரே வேலை இரண்டு குடும்பங்களையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவந்திருந்தது. நிக்கோபாரின் பழுப்புக் குருவி மெய்யான ஈப்பிடிப்பான்தான். ஆனால் அது அதுவரை அடைக்கப்பட்டிருந்த பேரினம் பல வழிப் பறவைகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை என்று 2010-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மூட்டை பிரிக்கப்பட்டது. சீனப் பறவையிடமிருந்தும் அது விடுவிக்கப்பட்டது. நிக்கோபார் காட்டு ஈப்பிடிப்பான், கிரேட் நிக்கோபாருக்கும் அதன் பக்கத்து லிட்டில் நிக்கோபாருக்கும் மட்டும் உரிய தனி இனமாக, இந்த நூற்றாண்டின் பட்டியல்களில் ஏறியது.

சுடாமல் அடையாளம் காண்பதற்கும் ஒரு விலை உண்டு. 2011-இல் கிரேட் நிக்கோபாரில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தினர் சிவப்பு அலகுடைய ஒரு காட்டுக் கானாங்கோழியைக் கண்டு படம் எடுத்தார்கள். எந்தக் கையேட்டிலும் அப்படியொரு பறவை இல்லை. ஹியூம் காலமாக இருந்தால் அடுத்த இதழிலேயே பெயர் வந்திருக்கும். பெயர் சூட்டும் விதிமுறைக்குத் தோல் மாதிரி வேண்டும், படம் போதாது என்பது பெரும்பாலான வகைபிரிப்பாளர்களின் நிலை. ஆண்டுகள் பல கடந்தும் அந்தப் பறவை ‘கிரேட் நிக்கோபார் கானாங்கோழி’ என்ற தற்காலிக அழைப்போடு நிற்கிறது.

பெயர் வெறும் அலங்காரமல்ல என்பதைக் கோவை ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி மையத்தின் ரவி சங்கரன் 1990-களில் செய்து காட்டினார். நிக்கோபாரின் தீவுகளைக் கால்நடையாக அளந்து, மண்மேடு கட்டி முட்டையிடும் மெகாபோட் கோழிகளை எண்ணினார். அந்த எண்ணிக்கை இருந்ததால்தான் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எவ்வளவு அழிந்தது என்று ஒப்பிட முடிந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்முனை சுமார் நான்கு மீட்டர் தாழ்ந்து, இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. மெகாபோட்டுக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. பழுப்பு ஈப்பிடிப்பானுக்கு அப்படி எதுவும் இல்லை. சீனப் பறவையின் துணையினமாக இருந்தவரை, தனியாக எண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றக் காரணமில்லை.

இப்போது காரணம் இருக்கிறது. கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் அடங்கிய திட்டத்துக்கு மத்திய அரசு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி அளித்தது. அதற்காகக் கிரேட் நிக்கோபாரில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் வனநிலம் ஒதுக்கப்படுகிறது. தீவின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர்தான். துணையினமாகவே இருந்திருந்தால், சீனத்திலும் மலாய் நாட்டிலும் அதன் இனம் இருக்கிறது என்று அந்தக் கணக்கை அறிக்கைகள் எளிதில் கடந்திருக்கலாம். தனி இனமான பிறகு வெட்டப்படும் காடு ஒவ்வொன்றும் அதன் உலகப் பரப்பிலிருந்தே கழிகிறது. திட்டத்தின் தாக்கத்தை அளப்பவர்கள் அந்தக் காடுகளில் விடியற்காலையில் நின்று, இந்த மங்கலான பழுப்புக் குருவியையும் காதால் அடையாளம் கண்டு எண்ணியாக வேண்டும்.